‘தா’ என்று கேட்பதற்கு ஓர் இடம்

இது சற்று நீண்ட பதிவு. கல்லூரிகளில் கற்பிப்போரும் ஆய்வு மாணவர்களும் பொறுமையோடு வாசித்துத் தம் அனுபவத்தையும் சொல்ல வேண்டும் என்ற விருப்பத்தில் எழுதுகிறேன்.

சிவாஜிநகரில் ரஸ்ஸல் சந்தைக்கு அருகே ஒரு தேநீர்க் கடை. மாடியில் நான்கு மேசைகள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அங்கே ஏழெட்டு ஆசிரியர்கள் கூடுகிறோம். மடிக்கணினிகள் இரண்டு இருக்கும், மற்றவர்களிடம் கைப்பேசிதான். வகுப்பில் கணினியையும் இணையத்தையும் எப்படிப் பயன்படுத்துகிறோம், எங்கே தடுக்கி விழுந்தோம் என்று பேசுவதுதான் வேலை. இக்கூட்டத்துக்குப் பெயர் இல்லை. தலைவர் இல்லை. ஒருமுறை பெயர் வைத்து, அது கெட்டுப்போன கதையைப் பின்னால் சொல்கிறேன்.

தொடங்கியது 2022இல். முதுகலை மொழியியல் முடித்து, ஒரு கல்லூரியில் மணிக்கணக்கில் ஊதியம் பெறும் சிறப்பு விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தேன். மாணவர்கள் வகுப்பறைக்குத் திரும்பிவிட்டார்கள். ஆனால் ஊரடங்குக் காலத்தில் புகுந்த மென்பொருள்கள் திரும்பிப் போகவில்லை. பாடக்குறிப்பு, ஒப்படைப்பு, வினாடி வினா எல்லாம் மூடில் தளத்தில் ஏற்றப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எப்படி என்று மட்டும் அதில் இல்லை. துறையிலேயே வயதில் இளையவள் என்பதால் தாவரவியல் பேராசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். “சனிக்கிழமை ஒரு மணி நேரம் உட்காரலாமாம்மா? இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரேன்.”

ஐந்து பேர் வந்தார்கள். இருபது படவில்லைகள் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். நான்காவது வில்லையில் தமிழாசிரியர் குறுக்கிட்டார். அவர் பதினைந்து ஆண்டுகளாக வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்து சேர்த்த பாடக்குறிப்புகள், தளத்தில் ஏற்றியதும் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த கூளமாகத் தெரிந்தன. “என் வாழ்நாள் உழைப்பு இப்படி ஆயிடுச்சேம்மா” என்று திரையைத் திருப்பிக் காட்டினார். அருகிலிருந்த கன்னட ஆசிரியர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். நுடி எழுத்துருவில் இருந்த அவருடைய குறிப்புகளுக்கும் அதே கதி நேர்ந்திருந்தது. ஒரே நடைக்கூடத்தில் எதிரெதிர் அறைகளில் இருந்துகொண்டு, இருவரும் மாதக்கணக்கில் தத்தம் கணினியையே நொந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

மீதிப் பதினாறு வில்லைகளை நான் காட்டவே இல்லை. பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் அல்லது கன்னட வடிவங்களை வரைந்து வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் கிடக்கும் ஆங்கிலக் குறிகள்தாம் தெரியும். ஒருங்குறியில் அப்படியன்று, ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் உண்டு என்று விளக்கினேன். தமிழ்நாட்டு அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்தச் செய்தி ஒரு ஆசிரியரின் மேசைக்கு வந்து சேர இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுத்துரு மாற்றியைத் திறந்து முதல் கோப்பை மாற்றியபோது, தமிழாசிரியர் தம் குறிப்பின் முதல் வரியை உரக்க வாசித்தார். கன்னட ஆசிரியர் அவர் முதுகில் தட்டினார்.

வீடு திரும்பும்போது தொல்காப்பியச் சொல்லதிகாரம் நினைவுக்கு வந்தது. ஒருவரிடம் ஒன்றைக் கேட்பதற்கு ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ என மூன்று சொற்கள் உண்டு என்கிறது எச்சவியல். தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்கும்போது ‘ஈ’. ஒத்தவனிடம் கேட்கும்போது ‘தா’. உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்கும்போது ‘கொடு’. முதுகலை வகுப்பில் இதைத் தேர்வுக்காகப் படித்தேன். பொருள் ஒன்றுதான், உறவு மாறினால் சொல் மாறும் என்பதற்கு எடுத்துக்காட்டு என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். அதன் இன்னொரு பக்கம் அன்றுதான் புரிந்தது. எந்தச் சொல்லால் கேட்பது என்று தெரியாத இடத்தில் மனிதர்கள் கேட்பதையே விட்டுவிடுகிறார்கள்.

பல்கலைக்கழகம் அப்படிப்பட்ட இடம். முப்பதாண்டு அனுபவமுள்ள பேராசிரியர், இருபத்தைந்து வயதுச் சிறப்பு விரிவுரையாளரிடம் ‘ஈ’ என்று கேட்க முடியாது. ‘கொடு’ என்று அதட்டிக் கேட்டால் தம் அறியாமையை அதட்டலோடு சேர்த்துக் காட்டியதாகிவிடும். ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய சிறப்பு விரிவுரையாளரோ, தமக்கு ஒன்று தெரியவில்லை என்று துறைத் தலைவரிடம் சொல்லத் துணியமாட்டார். இருவருக்கும் நடுவே ஒரு ‘தா’ வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இடம் இல்லை.

மூன்றாம் கூட்டத்தில் வணிகவியல் பேராசிரியர் ஒருவர் வந்தார். ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. இரண்டு சந்திப்புகளில் வாயே திறக்கவில்லை. பிறகு ஒருநாள், யாரும் கேட்காமலே சொன்னார்.

ஊரடங்கின்போது இணையவழி வகுப்பில் இருப்புநிலைக் குறிப்பு நடத்தியிருக்கிறார். முதலில் பாடநூலின் பிடிஎஃப் பக்கத்தைத் திரையில் பகிர்ந்தார். அதன்பின் எக்செலைத் திறந்து, ஒவ்வொரு கணக்காக இட்டு, கூட்டிக் கழித்து, ஐம்பது நிமிடம் விளக்கினார். அவர் பகிர்ந்தது முழுத் திரையை அன்று, பிடிஎஃப் சாளரத்தை மட்டும். மாணவர்கள் ஐம்பது நிமிடமும் பார்த்தது பாடநூலின் ஒரே பக்கம். யாரும் சொல்லவில்லை. “புரிகிறதா?” என்று கேட்டபோதெல்லாம் அரட்டைப் பெட்டியில் “எஸ் சார்” என்று வந்துகொண்டிருந்தது. தேர்வுத் தாள்களைத் திருத்தும்போதுதான் சந்தேகம் வந்திருக்கிறது. ஒரு மாணவரை அழைத்துக் கேட்டபோது உண்மை தெரிந்திருக்கிறது.

“முப்பத்தொரு வருஷ சர்வீஸ்மா. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. வீட்டுல கூடச் சொல்லலை” என்றார்.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காரணம் இருந்தது. அதே 2020இல் நான் முதுகலை முதலாண்டு மாணவி. எங்கள் ஆசிரியர் ஒருவர் ஒலிவாங்கியை அணைத்து வைத்துவிட்டதை அறியாமல் நாற்பது நிமிடம் பாடம் நடத்தினார். கையசைத்து, கரும்பலகையில் எழுதி, நகைச்சுவை சொல்லித் தாமே சிரித்து, எல்லாம் ஒலியின்றி. திரைக்கு மறுபக்கம் நாங்கள் எங்கள் வாட்ஸாப் குழுவில் சிரித்துக்கொண்டிருந்தோம். அவர் வாய் திறந்திருந்த ஒரு கணத்தைப் படமெடுத்து அதன்மேல் வசனம் எழுதிப் பரப்பினோம். அந்த வசனம் நான் எழுதியது. “சார், ஒலி வரவில்லை” என்று மூன்று சொல் தட்டச்சு செய்ய எனக்கு நாற்பது நிமிடம் இருந்தது.

வணிகவியல் பேராசிரியர் சொல்லி முடித்தபின் சிறு அமைதி. பிறகு தாவரவியல் பேராசிரியை, கூகுள் படிவத்தில் தேர்வு வைத்து, ‘மதிப்பெண்களை உடனே காட்டு’ என்ற அமைப்பை மாற்ற மறந்து, முதலில் முடித்தவன் வழியாக வகுப்பு முழுவதற்கும் விடைகளைத் தந்துவிட்ட கதையைச் சொன்னார். ஆங்கில ஆசிரியர், ஒலியைப் பகிரும் பெட்டியில் குறியிடாமல் ஒரு நாடகக் காணொளியை முழுவதும் ஊமைப்படமாகக் காட்டியதைச் சொன்னார். உரையாடல் ஆய்வை உருவாக்கிய ஹார்வி சாக்ஸ் இதற்கு ‘இரண்டாம் கதை’ என்று பெயர் வைத்தார். ஒருவர் தம் துன்பத்தைச் சொன்னதும் கேட்டவர் அறிவுரை சொல்லாமல் தம்முடைய ஒத்த கதையொன்றைச் சொல்கிறார். ‘உன்னைப் புரிந்துகொண்டேன்’ என்பதற்கு அதைவிட உறுதியான சான்று உரையாடலில் இல்லை. நான் சாக்ஸின் விரிவுரைகளைப் புத்தகத்தில் படித்திருந்தேன். அன்று கண்ணெதிரே நடந்தது.

அந்த ஒரு மணி நேரத்தில் நடைமுறையாகக் கற்றவை கொஞ்சமல்ல. சாளரப் பகிர்வுக்கும் முழுத்திரைப் பகிர்வுக்கும் உள்ள வேறுபாட்டை அங்கிருந்தவர் யாரும் இனி மறக்கமாட்டார். இன்னொரு சாதனத்தில் மாணவராக உள்நுழைந்து தம் வகுப்பைத் தாமே பார்த்துக்கொள்வது என்ற வழக்கமும், “புரிகிறதா” என்று கேட்காமல் “மூன்றாம் வரிசையில் என்ன எண் தெரிகிறது” என்று கேட்பது என்ற வழக்கமும் அன்று பிறந்தவையே. இரண்டையும் முன்வைத்தவர் வணிகவியல் பேராசிரியர். தவறியவருக்குத்தான் தவறும் இடம் தெரிந்திருந்தது.

முறையான பயிற்சியே இந்நாட்டில் இல்லை என்று சொல்வது நியாயமாகாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘நாடளாவிய வகுப்பறை’ தூர்தர்ஷனில் 1984 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை ஒட்டிக் கல்விப் பணியாளர் கல்லூரிகள் உருவாயின. அவை பெயர் மாறி, 2023 முதல் மாளவியா இயக்கத்தின் ஆசிரியர் பயிற்சி மையங்களாக இயங்குகின்றன. 2004இல் கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதன் முன்னோடித் திட்டத்தில் கர்நாடகத்தின் விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இருந்தது. 2017இல் ஸ்வயம் வந்தது. இவற்றால் பயன்பெற்றவர்களுள் நானும் ஒருத்தி. ஆனால் இவை எல்லாவற்றிலும் அறிவு மேலிருந்து கீழே வருகிறது. விண்ணிலிருந்தே ஒருமுறை வந்தது. வல்லுநர் பேசுகிறார், ஆசிரியர் கேட்டு, சான்றிதழ் பெற்று, பதவி உயர்வுக் கோப்பில் சேர்க்கிறார். அங்கே வல்லுநர் காட்டும் மென்பொருள் எப்போதும் சரியாகவே இயங்கும். திங்கட்கிழமை காலை, அறுபது பேர் உள்ள வகுப்பில், மின்சாரம் போய் வந்தபின் என்ன செய்வது என்பதைச் சக ஆசிரியர்தான் சொல்ல முடியும்.

பழுதுபார்ப்போர் இதை நெடுங்காலமாக அறிவார்கள். ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் ஸெராக்ஸ் நிறுவனத்தின் படியெடுக்கும் கருவிகளைப் பழுதுபார்ப்போருடன் திரிந்து 1996இல் ஒரு நூல் எழுதினார். நிறுவனம் தந்த கையேடு போதாதபோது, உணவு இடைவேளையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கதைகளே கருவியைச் சரிசெய்ய உதவின என்பது அதன் சாரம். அதற்காக அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. சிவாஜிநகரின் குஜ்ரிப் பகுதியில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த தெருவில் கால் மணி நேரம் நின்றால் போதும். ஒரு கடைக்காரர் கையில் பழுதான கார்புரேட்டரோடு எதிர்க்கடையை நோக்கிக் குரல் கொடுப்பார். அங்கிருந்து பதில் வரும். இருவரும் போட்டியாளர்கள்தாம். ஆனால் கேட்பது அங்கே இழுக்கு அன்று.

பள்ளி ஆசிரியர்களும் நமக்கு முன்னால் போயிருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் பதினாறு பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடந்த அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், ஆசிரியர்களின் மாதாந்திரக் கூட்டம் ஒரு தூணாக இருந்தது. வகுப்பில் எந்தச் சோதனை தோற்றது, ஏன் தோற்றது என்பதை அவர்கள் அங்கே வந்து பேசினார்கள். கர்நாடகத்திலேயே, 2010களின் தொடக்கத்தில், ஐ.டி. ஃபார் சேஞ்ச் என்ற பெங்களூரு அமைப்பு மாநிலக் கல்வித் துறையோடு சேர்ந்து நடத்திய பாட ஆசிரியர் மன்றங்களில், அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் கணினிவழிப் பாடப்பொருள்களைத் தாங்களே ஆக்கிப் பகிர்ந்துகொண்டார்கள். கல்லூரி ஆசிரியராகிய நமக்கு மட்டும் ஏன் இது கடினமாக இருக்கிறது? பள்ளி ஆசிரியரைச் சமூகம் கற்பிப்பவராக மதிக்கிறது. பேராசிரியரை அறிந்தவராக மதிக்கிறது. அறிந்தவருக்கு ‘தெரியவில்லை’ என்ற சொல் விலையுயர்ந்தது.

இனி, பெயர் வைத்த கதை.

ஓராண்டு நடந்தபின் எங்கள் சனிக்கிழமைகள் நிர்வாகத்தின் காதுக்கு எட்டின. அவர்கள் மகிழ்ந்தார்கள், அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ‘சிறந்த நடைமுறை’ என்று தர மதிப்பீட்டுக் கோப்பில் சேர்க்கலாம் என்றார்கள். கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு நீண்ட பெயரும் அதன் முதலெழுத்துகளால் ஒரு குறும்பெயரும் சூட்டப்பட்டன. வருகைப் பதிவேடு, இடக்குறியீட்டோடு ஒளிப்படம், பின்னூட்டப் படிவம், சான்றிதழ் எல்லாம் வந்தன. கருத்தரங்க அறையில் பின்னணிப் பதாகை கட்டினார்கள். எழுபது பேர் வந்தார்கள்.

அன்று பேசிய ஐவரும் தங்கள் வெற்றிகளைச் சொன்னார்கள். எல்லா வினாடி வினாவும் நன்றாக நடந்திருந்தது. எல்லா மாணவர்களும் ஆர்வமாக இருந்தார்கள். வணிகவியல் பேராசிரியரை மேடைக்கு அழைத்தார்கள். பகிர்வுச் சாளரம் பற்றிய தம் அனுபவத்தைச் சொல்லும்படி நானும் சாடை காட்டினேன். அவர் ஒலிவாங்கியைப் பிடித்து, சிறு நேரம் நின்று, “கணக்கியல் கற்பித்தலில் எக்செலின் பயன்கள்” என்று தொடங்கினார். நான்கு பயன்களைச் சொன்னார். கைதட்டினோம். இரண்டாம் கதை எதுவும் பிறக்கவில்லை, ஏனெனில் முதல் கதை சொல்லப்படவே இல்லை.

இறங்கி வந்தவரிடம் கேட்டேன். “அங்க எப்படிம்மா சொல்றது? பதிவு ஆகுதே” என்றார்.

யாரும் தீங்கு நினைக்கவில்லை. பதிவேடும் படமும் இருந்தால்தான் நிறுவனம் தன் வேலையை வெளியுலகுக்கு மெய்ப்பிக்க முடியும். ஆனால் பதிவாகும் இடத்தில் ஆசிரியர் தம் திறமைக்குச் சான்று தருகிறார். பதிவாகாத இடத்தில்தான் உதவி கேட்கிறார். இவ்விரண்டையும் ஒரே கூட்டத்தில் நடத்த முயன்றோம். இரண்டு மாதங்களில் சனிக்கிழமைகள் நின்றன. குறும்பெயர் ஆண்டறிக்கையில் இன்னும் இருக்கிறது.

அதன் பிறகுதான் தேநீர்க் கடை மாடி. இடத்தைத் தேர்ந்தவர் கன்னட ஆசிரியர்; எல்லோருக்கும் பேருந்து கிடைக்கும் என்பது அவர் சொன்ன ஒரே காரணம். இப்போது வேறு கல்லூரியினரும் வருகிறார்கள். மொழியியல் மாணவிக்கு இம்மாடி ஒரு புதையல். திரையைப் பகிரும்படி தமிழாசிரியர் “ஷேர் பண்ணுங்க” என்பார், கன்னட ஆசிரியர் “ஷேர் மாடி” என்பார், கடைக்காரரின் மகன் எட்டிப் பார்த்து தக்கனி உருதுவில் “ஷேர் கரோ” என்பான். ஆங்கிலப் பெயர்ச்சொல்போல் ஒன்றை வாங்கி, அதன் பின்னால் தன் சொந்த வினையைப் பூட்டி, மூன்று மொழிகளும் ஒரே தச்சுவேலையைச் செய்கின்றன. எங்கள் ஆசிரியர்கள் தொழில்நுட்பத்தைக் கையாளும் முறையும் இதுவே. கருவி வெளியிலிருந்து வரட்டும். வினை நம்முடையதாக இருக்க வேண்டும்.

அண்மைய சந்திப்புகளில் பேச்சு செயற்கை நுண்ணறிவைப் பற்றியதாகிவிட்டது. மாணவர்கள் ஒப்படைப்புகளைச் சாட்ஜிபிடியில் எழுதுகிறார்கள் என்று ஒருமணி நேரம் எல்லோரும் குறைப்பட்டுக்கொண்டோம். கடைசியில் ஒரு பேராசிரியை, “நான் உள்தேர்வு வினாத்தாளை அதில்தான் எழுதினேன், ஒரு வினா தவறாக இருந்தது, ஒரு மாணவி கண்டுபிடித்தாள்” என்றார். அதன்பின்தான் உண்மையான உரையாடல் தொடங்கியது. எந்தக் கருத்தரங்கிலும் இந்த வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

இம்மாடியைப் பெரிதுபடுத்தவும் நான் விரும்பவில்லை. சனிக்கிழமை மாலை எல்லோருக்கும் தங்களுடையது அன்று. தாவரவியல் பேராசிரியை ஐந்தரைக்கே கிளம்பிவிடுவார். வீட்டில் மாமியாருக்கு மருந்து கொடுக்க வேண்டும். தேநீர்க் கடை மாடிக்கு ஏற விரும்பாத பெண் ஆசிரியர்கள் உண்டு என்பதை அறிவேன். நண்பரின் நண்பராக இருந்தால்தான் இங்கே நுழைய முடிகிறது. முறைசாராமை என்பது சிலரை ஓசையின்றி வெளியே நிறுத்தும் கதவும்தான். இங்கே கற்றதற்கு எந்தக் கோப்பிலும் மதிப்பெண் இல்லை. ஆகவே நிறுவனங்களிடம் ஒரு சிறு வேண்டுகோள் மட்டும்: மாதம் ஒரு மணி நேரம் பணிநேரத்திலேயே ஒதுக்குங்கள்; ஓர் அறையும் இணையமும் தேநீரும் தாருங்கள்; பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுங்கள். அறிக்கை கேட்காதீர்கள்.

வணிகவியல் பேராசிரியர் ஓய்வுபெற்றுவிட்டார். கடைசிச் சனிக்கிழமைகளில் இன்னும் வருகிறார். போன மாதம் எல்லோரும் கிளம்பியபின், பேருந்து நிலையம் வரை நாங்கள் இருவரும் நடந்தோம். புனித மரியன்னைப் பேராலயத்தைக் கடக்கும்போது, என் ஆசிரியர் ஒலியின்றி நாற்பது நிமிடம் பாடம் நடத்தியதையும், படத்தின்மேல் நான் எழுதிய வசனத்தையும் அவரிடம் சொன்னேன். மூன்றாண்டாக நெஞ்சில் இருந்த இரண்டாம் கதை.

அவர் திட்டவில்லை. நடந்துகொண்டே கேட்டார்: “அவருக்கு இது தெரியுமா?”

“தெரியாது சார்.”

“அவர்கிட்ட சொல்லும்மா. யாரோ கவனிச்சாங்கன்னாவது அவருக்குத் தெரியட்டும்.”

அவருடைய பேருந்து வந்தது. ஏறிக்கொண்டார். என் ஆசிரியரின் எண் என்னிடம் இருக்கிறது. ‘சார், வணக்கம்’ என்று எழுதி அழித்து, எழுதி அழித்து மூன்று வாரம் ஆகிறது. இந்தப் பதிவை முடித்ததும் அனுப்பிவிடுவதாக இருக்கிறேன்.

வாசித்த ஆசிரியர்கள் உங்கள் முதல் கதையைப் பின்னூட்டத்தில் எழுதலாம். பெயரில்லாமல் எழுதினாலும் சரியே.